'பூஞ்சை ஒட்டுவது பாதியாகக் குறைந்தது': எப்படி அளந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகை வாய்க்கொப்பளிப்பான்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில், ஒரு தாவரச் சாறு 'வாய் செல்களில் பூஞ்சை ஒட்டுவதைப் பாதியாகக் குறைக்கிறது' என்று எழுதப்பட்டிருந்தது. எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வுக் கட்டுரைகளிலேயே பல, முறையை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் இந்த அளவீட்டைப் பொறுத்தவரை முறையைச் சொல்லாத எண் வெறும் எண்தான். அதே ஈஸ்ட் (ஒற்றைச் செல் பூஞ்சை), அதே ஆளின் கன்னச் செல்கள் என்றாலும், கழுவும் விதத்தை மாற்றினால் விடை மாறிவிடும். அதனால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இங்கே பூஞ்சை என்பது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட். ஆரோக்கியமானவர்கள் பலரின் வாயிலும் இது சத்தமில்லாமல் இருக்கும். கைக்குழந்தைகள், பல்செட் போட்டவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஆகியோரிடம் இதுவே வெண்படலமாகக் கிளம்பும். உமிழ்நீர் ஓயாமல் கழுவித் தொண்டைக்குள் தள்ளிக்கொண்டே இருப்பதால், ஒட்டிக்கொள்ளத் தெரியாத ஈஸ்ட் வாயில் குடியிருக்க முடியாது. ஒட்டுவதை அளக்க இத்தனை பேர் மெனக்கெடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்றும் புழக்கத்தில் உள்ள அடிப்படை முறை 1970-களின் இறுதியில் வந்தது. கிமுராவும் பியர்சாலும் 1978-ல் வெளியிட்ட கன்னச் செல் சோதனையைத்தான் பலரும் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகிறார்கள். கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த செல்களோடு ஈஸ்ட்டைக் கலந்து, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியதை மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது, அவ்வளவுதான். சொல்லும்போது எளிது. கை வைத்தால்தான் ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளம் இருப்பது தெரியும்.

முதலில் செல் எடுப்பது. கொடையாளர் காலையில் எதுவும் சாப்பிடாமல் வருவது நல்லது. இல்லாவிட்டால் சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டெரைல் காட்டன் ஸ்வாப்பால் இரு கன்னங்களின் உட்புறத்தையும் மெதுவாக உருட்டித் தேய்த்து, 5 மி.லி. பாஸ்பேட் பஃபர் சலைனில் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல்; இனி 'பஃபர்') அலச வேண்டும். அழுத்திச் சுரண்டினால் அடி அடுக்குச் செல்களும் ரத்தமும் சேர்ந்து வரும்; அந்த மாதிரியைத் தூக்கிப் போடுவதே மேல். கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு எடுத்தவர்களையும், புகைப்பவர்களையும், மருந்துக் கொப்பளிப்பான் பயன்படுத்துபவர்களையும் சேர்க்கக் கூடாது. நம் ஊரில் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: வெற்றிலை பாக்கு போடுவீர்களா? சுண்ணாம்பும் பாக்கின் துவர்ப்பும் நாள்தோறும் பட்ட கன்னத்தின் செல்களை, அவை படாத கன்னத்தின் செல்களோடு ஒன்றாகக் கலப்பது சரியல்ல. வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே நகல் எடுக்கும்போது இந்தக் கேள்வி விடுபட்டுப் போகிறது.

பஃபரை ஆய்வகத்திலேயே கலக்கலாம்: 1 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.44 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.24 கிராம், பி.எச். 7.2 முதல் 7.4-க்குள் சரிசெய்து ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கிவிட வேண்டும். கால்சியம், மக்னீசியம் சேர்த்த பஃபரா, சேர்க்காததா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். செல் பரப்புகளின் ஒட்டுதலில் இந்த உப்புகளுக்குப் பங்கு உண்டு.

எடுத்த செல்களைக் குறைந்த வேகத்தில், 250 ஜி (புவியீர்ப்பைப் போல் 250 மடங்கு) விசையில் 5 முதல் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும். கன்னச் செல் சுமார் 60 மைக்ரான் அகலம். கனமாக இருப்பதால் அடியில் இறங்கிவிடும். வாயிலிருந்து கூடவே வந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி மேல்நீரிலேயே தங்கும். மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புது பஃபர் ஊற்றி மூன்று முறை கழுவ வேண்டும். வேகத்தைக் கூட்டினால் பாக்டீரியாவும் சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும், கழுவியதன் பலன் போய்விடும். '1500 ஆர்.பி.எம்.' (நிமிடத்துக்கு 1500 சுற்று) என்று மட்டும் எழுதுவதும் போதாது. ரோட்டரின் ஆரம் 10 செ.மீ. என்றால் அது ஏறத்தாழ 250 ஜி, 15 செ.மீ. என்றால் 375 ஜி-க்கு மேல். விசையை ஜி-யில் குறிப்பிட்டால்தான் அடுத்த ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்க்க முடியும்.

கழுவிய செல்களை ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணுவதற்கான, கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) எண்ணி, மி.லி.-க்கு 1 லட்சம் என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் புளூ சாயத்தின் 0.4 சதவீதக் கரைசலை ஒரு துளி சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான செல்கள் நீலமாகிவிடும். அதில் தவறில்லை. கன்னத்திலிருந்து தானாக உதிரும் நிலையில் உள்ள மேலடுக்குச் செல்கள்தான் ஸ்வாப்பில் வரும். அவற்றில் பெரும்பாலானவை செத்தவை, இல்லாவிட்டால் சாகப் போகிறவை. மைக்ரோஸ்கோப்பில் பொரித்த அப்பளம் போலத் தட்டையாக, ஓரம் மடிந்து கிடக்கும். ஆகவே இந்தச் சோதனை சொல்வது உதிரும் செல்லின் மேற்பரப்பில் ஈஸ்ட் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை மட்டுமே. உயிருள்ள திசுவில் நடப்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஈஸ்ட் தயாரிப்பில்தான் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பெரிய வித்தியாசம் வருகிறது. சபரோ டெக்ஸ்ட்ரோஸ் என்ற வளர்ப்புத் திரவத்தில் வளர்ப்பவர்கள் உண்டு. லிட்டருக்கு ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10, பெப்டோன் 20, டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம் கலந்த ஊடகத்தில் வளர்ப்பவர்களும் உண்டு. எந்தச் சர்க்கரையில் வளர்த்தோம் என்பது ஒட்டுதலையே மாற்றும். கிளாஸ்கோவில் டக்ளஸ், மெக்கோர்ட்டி குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில், 500 மில்லிமோலார் காலக்டோஸில், அதாவது லிட்டருக்கு 90 கிராம் காலக்டோஸில் வளர்ந்த ஈஸ்ட், வெளிப்புறத்தில் நார்போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதிகமாக ஒட்டியது. வெப்பநிலையும் அப்படியே. அறை வெப்பத்தை ஒட்டி வளர்ந்த ஈஸ்ட்டின் மேற்பரப்பு தண்ணீரை ஒதுக்கும் தன்மையுடன் இருக்கும். 37 டிகிரியில் வளர்ந்தது தண்ணீரோடு சேரும். இரண்டும் ஒரே ஈஸ்ட்தான், ஒட்டும் விதம் வேறு. எனவே 'கேண்டிடா அல்பிகன்ஸ் பயன்படுத்தினோம்' என்று எழுதினால் போதாது. எந்த இனக்கூறு, அதாவது ஸ்ட்ரெயின் (உதாரணமாக எஸ்.சி.5314 அல்லது ஏ.டி.சி.சி. 90028), எந்த ஊடகம், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று நான்கும் வேண்டும்.

இனக்கூறைச் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பு மையத்திலிருந்து வாங்கி, வந்தவுடனேயே 15 முதல் 20 சதவீதக் கிளிசராலில் சிறு சிறு குப்பிகளாக -80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். சாய்வு ஊடகத்தில் மாதக்கணக்கில் மறுபடி மறுபடி தீட்டிப் பிழைக்க வைத்த ஈஸ்ட், வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்ததாக இருந்தால் இன்னொரு சிக்கல்: முளைக்குழாய் (ஈஸ்ட்டிலிருந்து நீண்டு கிளம்பும் குழாய்) விடுவதை மட்டும் பார்த்து அல்பிகன்ஸ் என்று முடிவு கட்டினால், 1995-ல் தனி இனமாக விவரிக்கப்பட்ட கேண்டிடா டப்ளினியன்சிஸும் அதில் புகுந்துவிடும். அதுவும் முளைக்குழாய் விடும்.

இரவு முழுக்க வளர்ந்த ஈஸ்ட்டைப் பஃபரில் இரண்டு முறை கழுவி, மி.லி.-க்கு 1 கோடி என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கு எளிது: பத்து மடங்கு நீர்த்த ஈஸ்ட்டை ஹீமோசைட்டோமீட்டரில் ஏற்றி, நடுவில் உள்ள 1 சதுர மி.மீ. கட்டத்தில் 100 ஈஸ்ட் தெரிந்தால், 100-ஐப் பத்தாயிரத்தால் பெருக்கி மீண்டும் 10-ஆல் பெருக்கினால் 1 கோடி. கலங்கலை மட்டும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் (ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கும் கருவி) பார்த்து விட்டுவிடக் கூடாது. ஈஸ்ட் திரண்டிருந்தால் கலங்கல் எண் பொய் சொல்லும். கட்டத்தில் பார்த்தால் திரளைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். திரண்டிருந்தால் வார்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் நன்றாகக் குலுக்கி மறுபடி பார்க்க வேண்டும்.

பிறகு கன்னச் செல் 0.5 மி.லி., ஈஸ்ட் 0.5 மி.லி. ஒரு குழாயில் கலக்கப்படும். ஒரு கன்னச் செல்லுக்கு 100 ஈஸ்ட். 37 டிகிரியில், மெதுவாக ஆடும் ஷேக்கரில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம். ஆட்டாமல் வைத்தால் எல்லாம் அடியில் படிந்து, ஈஸ்ட் தானாகவே செல் மேல் விழுந்து கிடக்கும். வேகமாக ஆட்டினால் ஒட்டியதும் பிய்ந்து வரும். 1 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் 37 டிகிரியில் முளைக்குழாய் கிளம்பத் தொடங்கலாம். அப்போது அளப்பது வேறொரு சங்கதி. 100-க்கு 1 என்ற விகிதத்தில் பரப்பெல்லாம் நிரம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஒரு முறையாவது 10, 50, 100 என மூன்று விகிதங்களில் செய்து பார்ப்பது நல்லது. நிரம்பிய நிலையில் சோதித்தால் சிறு மாற்றம் எதுவும் கண்ணில் படாது.

அடுத்துக் கழுவுதல். முழுச் சோதனையும் இந்த ஒரு படியில்தான் நிற்கிறது. 12 மைக்ரான் துளையுள்ள பாலிகார்பனேட் ஃபில்டரில் கலவையை ஊற்றினால், 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள ஈஸ்ட் துளை வழியே இறங்கிவிடும், கன்னச் செல்கள் மேலே தங்கும். மொத்தம் 50 மி.லி. பஃபரைத் தவணை தவணையாக ஊற்றிக் கழுவ வேண்டும். தானாக இறங்கவிடுவது, இல்லாவிட்டால் லேசான உறிஞ்சல். பம்ப்பை முழுக்கத் திறந்தால் செல்கள் ஃபில்டரோடு அப்பி, நடுவில் மாட்டிய ஈஸ்ட் வெளியே போக வழியில்லாமல் செல்மேல் நசுங்கும். பார்ப்பவர் அதை ஒட்டியதாக எண்ணிவிடுவார். சளி அதிகமாக வந்த மாதிரியிலும் துளைகள் அடைபட்டு இதேதான் நடக்கும். ஃபில்டரில் நீர் இறங்கும் வேகம் பாதியில் தேங்கினால் அந்த மாதிரியை விட்டுவிடுவதே நேர்மை. ஃபில்டர் இல்லை என்று சென்ட்ரிஃபியூஜிலேயே கழுவுபவர்கள் உண்டு. குறைந்த வேகத்தில் என்றாலும், ஒவ்வொரு சுழற்சியும் ஈஸ்ட்டைக் கன்னச் செல் மேல் அழுத்தி உட்கார வைக்கிறது என்பதை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கழுவியது போதுமா என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு: கன்னச் செல் சேர்க்காத, ஈஸ்ட் மட்டும் உள்ள குழாய் ஒன்றை இதே ஃபில்டரில் இதே அளவு பஃபரில் கழுவிச் சாயமேற்றிப் பார்ப்பது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஈஸ்ட் தெரிய வேண்டும். கும்பலாகத் தெரிந்தால் ஈஸ்ட் திரண்டிருக்கிறது, அல்லது கழுவியது போதவில்லை. அதேபோல் ஈஸ்ட் சேர்க்காத கன்னச் செல் குழாய் ஒன்றும் வேண்டும். கொடையாளரின் வாயில் ஏற்கெனவே இருந்த ஈஸ்ட் எவ்வளவு என்பதை அது காட்டும். அதைக் கழிக்காமல் கணக்கு முடியாது. இந்த இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய்களையும் பற்றி ஒரு ஆய்வறிக்கை மூச்சே விடவில்லை என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

ஃபில்டரைக் கண்ணாடி ஸ்லைடில் கவிழ்த்து, சில விநாடி மெல்ல அழுத்தி உரித்தால் செல்கள் ஸ்லைடுக்கு வந்துவிடும். காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, வடிநீரில் ஒரு முறை அலச வேண்டும். அலசாவிட்டால் பஃபரின் உப்பு பொடிப்பொடியாகப் படிந்து எண்ணுபவரைக் குழப்பும். கிரிஸ்டல் வயலெட் மட்டுமோ, கிராம் சாயமோ போதும். கிராம் சாயத்தில் ஈஸ்ட் கருநீலமாகவும் கன்னச் செல் இளஞ்சிவப்பாகவும் தெரிவதால் எண்ணுவது சுலபம். ஆனால் நிறம் நீக்கும் அசிட்டோன்-ஆல்கஹாலைக் கூடுதல் நேரம் விட்டால் ஈஸ்ட்டும் வெளுத்துவிடும், குறைவாக விட்டால் செல்லும் நீலமாகவே நிற்கும்.

400 மடங்கு பெருக்கத்தில், 100 அல்லது 200 கன்னச் செல்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை ஈஸ்ட் என்று எண்ணுகிறார்கள். விதிகளை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய செல், மடிந்து சுருண்ட செல் சேராது. மொட்டு விட்ட ஈஸ்ட்டில், மொட்டு தாயில் பாதி அளவைத் தாண்டாத வரை இரண்டும் சேர்ந்து ஒன்று. ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக உள்ள ஈஸ்ட்டை எண்ணுவதா, விடுவதா? இதில்தான் ஆளுக்கு ஒரு வழக்கம். இதன் வினையைக் கீழே சொல்கிறோம். எந்த ஸ்லைடு மருந்து சேர்த்தது, எது சேர்க்காதது என்று எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது. ஸ்லைடுகளுக்கு வேறொருவர் குறியீடு போட்டுத் தர வேண்டும். ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டைச் சேர்ப்பதா என்று தயங்கும் இடங்களில், என்ன விடை வர வேண்டும் என்ற ஆசை கையை இழுக்கும்.

கிடைத்த எண்ணை என்ன செய்வது? இங்கேதான் 'பாதியாகக் குறைந்தது' பிறக்கிறது. ஈஸ்ட் எல்லாச் செல்லிலும் சமமாக ஒட்டாது. பல செல்கள் காலியாக இருக்கும், சிலவற்றில் நான்கைந்து, ஓரிரு செல்லில் அப்பிக் கிடக்கும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100 செல்லில் மொத்தம் 600 ஈஸ்ட், சராசரி 6. அந்த 600-ல் 300 வெறும் ஐந்து செல்களில், தலா 60 வீதம் இருக்கிறது. அடுத்த ஸ்லைடில் அப்படிப்பட்ட ஐந்து செல் கண்ணில் படாமல் போனால், சராசரி 3 ஆகிவிடும். சாறு எதுவும் செய்யாமலேயே ஒட்டுதல் பாதியாகிவிட்டது! சராசரியோடு நடுவெண்ணும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), ஈஸ்ட் ஒட்டிய செல்களின் சதவீதமும் தந்தால்தான் இந்த ஏமாற்று தெரியவரும். 200 செல் எண்ணிவிட்டு மாதிரி அளவு 200 என்று புள்ளியியலில் போடுவது இன்னொரு பெரிய தவறு. ஒரே ஆளின் ஒரே நாள் மாதிரி என்றால் மாதிரி அளவு ஒன்றுதான். ஆளுக்கு ஆள், ஏன், அதே ஆளுக்கு நாளுக்கு நாள் ஒட்டுதல் மாறும். ஒவ்வொரு கொடையாளரின் செல்லையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் பஃபர் என்று ஜோடியாக ஒப்பிட வேண்டும். வேறு வேறு நாட்களில் திரும்பச் செய்ய வேண்டும்.

மூலிகைச் சாறு என்று வரும்போது இத்தனைக்கும் மேல் சில பொறிகள் உள்ளன. சாறு ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டதா, ஒட்டாமல் தடுத்ததா என்பது முதல் கேள்வி. முளைத்த காலனிகளை எண்ணும் முறையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதே செறிவில், அதே நேரம் ஊறிய ஈஸ்ட்டைத் தனியே தட்டில் பரப்பி உயிரோடு உள்ளதை எண்ணிக் காட்டியிருக்க வேண்டும். அடுத்து, சாறு எங்கே வேலை செய்கிறது? ஈஸ்ட்டை மட்டும் சாற்றில் ஊறவைத்துக் கழுவிவிட்டுச் செல்லோடு சேர்ப்பது, செல்லை மட்டும் ஊறவைத்துக் கழுவிவிட்டு ஈஸ்ட்டோடு சேர்ப்பது, இரண்டோடும் சாற்றை அப்படியே விடுவது என மூன்று விதமாகவும் செய்தால்தான் பதில் கிடைக்கும். கடுக்காய், நெல்லிக்காய், மாதுளைத் தோல் போன்ற துவர்ப்பு மிகுந்த சாறுகளில் டானின் அதிகம். டானின் புரதத்தைத் திரள வைக்கும். ஈஸ்ட் கும்பல் கும்பலாகச் சேர்ந்துவிடும். 'திரளை எண்ணாதே' என்ற விதியோடு எண்ணினால் ஒட்டுதல் குறைந்ததாகத் தெரியும். உண்மையில் குறைந்தது எண்ணத்தக்க ஈஸ்ட் மட்டுமே. புளிப்புச் சாறு பஃபரின் பி.எச்.-ஐயே இறக்கிவிடும்; சேர்த்த பிறகு பி.எச். பார்த்தார்களா? டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானிலோ ஆல்கஹாலிலோ கரைத்திருந்தால், அந்தக் கரைப்பான் மட்டும் சேர்த்த குழாய் ஒன்று இருந்ததா? 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினிக் கொப்பளிப்பான்) போன்ற, ஒட்டுதலைக் குறைப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா? நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பற்றிய சோதனை என்றால் கஷ்டம் இரட்டிப்பு. பஃபரில் எண்ணெய் கழுவிப் போகாது; ஈஸ்ட் அளவுள்ள உருண்டைத் துளிகளாகச் செல்மேல் மினுங்கிக்கொண்டு நிற்கும். சாயமேற்றாமல் எண்ணியிருந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது.

எண்ணும் அலுப்பைத் தவிர்க்க வேறு முறைகளும் வந்தன. கதிரியக்க டிரிட்டியமோ கந்தகம்-35 சேர்ந்த அமினோ அமிலமோ ஊட்டி வளர்த்த ஈஸ்ட்டைப் பயன்படுத்தினால், ஃபில்டரில் தங்கிய கதிரியக்கத்தை இயந்திரமே அளந்துவிடும். வேகம் அதிகம். ஆனால் செல்மேல் ஒட்டியது எது, சளியில் மாட்டியது எது, ஃபில்டரில் தங்கிய திரள் எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு அளக்கும் முறை) பச்சையாக ஒளிரும் எஃப்.ஐ.டி.சி. சாயம் ஏற்றிய ஈஸ்ட்டைப் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கான செல்களைச் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். கன்னச் செல்கள் பெரியவை என்பதால் முன்பே நைலான் வலையில் வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். செல்லுக்கே ஓரளவு சொந்த ஒளிர்வும் உண்டு. சோதிப்பது மஞ்சள் என்றால் இன்னும் மோசம்: குர்குமின் தானாகவே பச்சையை ஒட்டிய நிறத்தில் ஒளிரும். மஞ்சள் சேர்த்த மாதிரியில் கூடியது ஈஸ்ட்டா, மஞ்சளா என்று பிரிக்க முடியாது. மைக்ரோஸ்கோப்போடு நிற்பவர்களுக்குக் கால்கோஃப்ளோர் ஒயிட் என்ற ஒளிரும் சாயம் நல்ல துணை. ஈஸ்ட் சுவரில் உள்ள கைட்டினிலும் குளுக்கனிலும் ஏறி நீலமாக ஒளிரும், கன்னச் செல்லில் அந்தப் பொருட்களே கிடையாது. ஆனால் ஒட்டுதல் முடிந்த பிறகே சாயம் ஏற்ற வேண்டும். முன்பே ஏற்றினால் ஈஸ்ட்டின் சுவரே பாதிக்கப்படும்.

உயிருள்ள செல்லில் பார்க்க விரும்புபவர்கள், கன்னப் புற்றுநோயிலிருந்து உருவான டி.ஆர்.146 போன்ற செல் வரிசையைக் குழித்தட்டில் அடுக்காக வளர்த்து அதன்மேல் ஈஸ்ட்டை விடுகிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் தொல்லை இதில் இல்லை. ஆனால் புற்றுநோய்ச் செல், உண்மையான கன்னத்தின் மேலடுக்கு அல்ல. உமிழ்நீரும் கிடையாது. உமிழ்நீரில் மியூசின் என்ற சளிப் புரதம் இருக்கிறது, எதிர்ப்புரதம் இருக்கிறது, ஈஸ்ட்டைக் கொல்லும் ஹிஸ்டாட்டின் 5 இருக்கிறது. இவை எதுவுமில்லாமல் பஃபரில் அளந்த எண்ணை வாய்க்குள் நடப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. உமிழ்நீர் சேர்த்துச் செய்பவர்களும் அதை ஸ்டெரைல் ஃபில்டரில் வடிக்கும்போது மியூசினில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறார்கள்.

ஒட்டும் விதமும் ஒன்றல்ல. முளைக்குழாய் விட்ட கேண்டிடாவின் மேற்பரப்பில் உள்ள எச்.டபிள்யூ.பி.1 என்ற புரதத்தை, நம் செல்லில் உள்ள டிரான்ஸ்குளுட்டாமினேஸ் நொதி செல்லோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடுகிறது என்று 1999-ல் காட்டப்பட்டது. அந்தப் பிணைப்பு எளிதில் விடாது. ஏ.எல்.எஸ்.3 என்ற இன்னொரு முக்கியமான ஒட்டுப் புரதமும் முளைக்குழாயில்தான் அதிகம் வெளிப்படும். உருண்டை ஈஸ்ட்டை மட்டும் 45 நிமிடம் வைத்துச் செய்யும் சோதனையில் இந்த இரண்டுமே ஏறக்குறைய ஆட்டத்தில் இல்லை. கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இன்னொரு ஈஸ்ட் முளைக்குழாய் விடுவதே இல்லை, அது இ.பி.ஏ.1 என்ற வேறு புரதத்தைக் கொண்டு ஒட்டுகிறது. அல்பிகன்ஸுக்குக் கண்ட முடிவை அதற்கும் சேர்த்து 'பூஞ்சை' என்று பொதுவாக எழுதுவது பிழை.

நேரமும் ஒரு விஷயம். கொப்பளிப்பான் வாயில் நிற்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பிறகு உமிழ்நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். சோதனைக் குழாயில் ஒரு மணி நேரம் ஊறியதற்குப் பிறகு வந்த விளைவை விளம்பரத்தில் போடுவது எந்த வகையில் நியாயம்?

கட்டுரையின் இறுதியில் பள்ளி மாணவர்கள் இதை அறிவியல் கண்காட்சிக்குச் செய்யலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வேண்டாம். கேண்டிடா அல்பிகன்ஸ் இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு தேவைப்படும் நோய்க்கிருமி. கழிவை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்தே வெளியேற்ற வேண்டும். மனிதரிடமிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் ஆய்வுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மாணவர்களுக்கு மைக்ரோஸ்கோப் பழக்க வேண்டும் என்றால், தன் கன்னத்தில் தானே ஸ்வாப் தேய்த்து மெத்திலீன் புளூவில் செல்லைப் பார்க்கட்டும். ரொட்டி ஈஸ்ட்டைத் தனி ஸ்லைடில் மொட்டு விடும் நிலையில் பார்க்கட்டும். ஸ்வாப்புகளை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் போட்டுவிட்டு அப்புறப்படுத்தினால் போதும்.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள் இருவர்,
மதுரை.